தேர்தல் காலத்தில் பயிர்ப் பாதுகாப்புத் துப்பாக்கிகளை ஒட்டுமொத்தமாக வாங்கி வைப்பதை நிறுத்தக் கோரும் மனு

அனுப்புநர்:
பயிர்ப் பாதுகாப்புத் துப்பாக்கி உரிமம் பெற்ற மலையடிவார விவசாயிகள்

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்

பொருள்: தேர்தலின்போது உரிமத் துப்பாக்கிகளை ஒப்படைக்கச் சொல்லும் முன் ஒவ்வொரு உரிமதாரரையும் தனித்தனியே பரிசீலிக்கக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். நாங்கள் காட்டை ஒட்டி மரவள்ளி, நிலக்கடலை, மக்காச்சோளம் போட்டுப் பிழைப்பவர்கள். 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமம் பெற்று எஸ்.பி.எம்.எல். எனப்படும் ஒற்றைக் குழல் நாட்டுத் துப்பாக்கி வைத்திருக்கிறோம். குழல் வாய் வழியாக வெடிமருந்தைக் கிட்டித்து (திணித்து அடைத்து) ஒரு வேட்டுப் போட்டால், அடுத்த வேட்டுக்கு மறுபடியும் முதலிலிருந்து கிட்டிக்க வேண்டும். இரவுக் காவலில் வெறும் மருந்தை வெடித்துப் பன்றிக் கூட்டத்தைக் கலைக்கவே அதை எடுக்கிறோம்.

ஒவ்வொரு தேர்தலுக்கும் காவல் நிலையத்திலிருந்து போன் வருகிறது: "துப்பாக்கியைக் கொண்டு வந்து ஒப்படையுங்கள்." எழுத்தில் உத்தரவு கிடையாது, காரணமும் கிடையாது. 2024 மக்களவைத் தேர்தல் மார்ச் 16 அன்று அறிவிக்கப்பட்டது. தமிழ்நாட்டில் ஏப்ரல் 19 அன்று ஒரே நாளில் வாக்குப்பதிவு முடிந்துவிட்டது. ஆனால் வாக்கு எண்ணிக்கை ஜூன் 4 என்பதால் அதுவரை துப்பாக்கிகள் நிலையத்திலேயே கிடந்தன. காட்டுக் குட்டைகள் வற்றி, பன்றிகள் தண்ணீர் பாய்ந்த வயலைத் தேடி இறங்குவது சரியாக அந்த மாதங்களில்தான். ஒரே இரவில் அரை ஏக்கர் கிழங்கைக் கிளறிப் போட்டுவிடும். காலையில் போய்ப் பார்த்தால் வேரோடு சாய்ந்த குச்சிகளும் பாதி கடித்த கிழங்குகளும்தான் மிஞ்சும். திரும்பி வந்த துப்பாக்கிகளோ குழலுக்குள் துருப்பிடித்து, குதிரை இறுகிப்போய் இருந்தன.

அரசு ஆயுதங்களைக் கட்டுப்படுத்துவதை நாங்கள் எதிர்க்கவில்லை. காவல் துறை விசாரணை, புதுப்பித்தல், ஆய்வு எல்லாவற்றுக்கும் உட்பட்டே உரிமம் வாங்கினோம். பயிரைக் காக்கும் உண்மையான தேவை உள்ளவருக்கு இவ்வகைத் துப்பாக்கி உரிமம் வழங்க அந்தச் சட்டத்தின் 13ஆம் பிரிவே இடம் தருகிறது. சட்டம் கொடுத்ததை ஒரு போன் அழைப்பில் எடுத்துக்கொள்ளலாமா என்பதே எங்கள் கேள்வி.

எல்லோரிடமும் துப்பாக்கியை வாங்கி வைக்கும்படி தேர்தல் ஆணையமே சொல்லவில்லை. தாங்களும் காவல் கண்காணிப்பாளரும் இடம்பெறும் பரிசீலனைக் குழு உரிமதாரர்களைத் தனித்தனியே ஆராய வேண்டும். ஜாமீனில் இருப்பவர், குற்றப் பின்னணி உள்ளவர், முன்பு கலவரத்தில் ஈடுபட்டவர் போன்றோரைக் குறிப்பாகக் கவனிக்க வேண்டும் என்பதே அதன் வழிகாட்டுதல். 2024 தேர்தலுக்கு முன்பு அலகாபாத் உயர் நீதிமன்றத்தின் லக்னோ அமர்வும், பொதுவான உத்தரவு போட்டு எல்லோரிடமும் ஆயுதத்தை வாங்கக் கூடாது என்று தீர்ப்பளித்தது. எந்த வழக்கும் இல்லாத விவசாயியை ரவுடிப் பட்டியலில் உள்ளவரோடு ஒரே வரிசையில் நிறுத்துவது எங்கள் மானத்தையும் தொடுகிறது, ஐயா.

இன்னொன்றையும் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவர வேண்டும். காப்புக்காட்டிலிருந்து 3 கி.மீ.க்கு அப்பால் வரும் பன்றிகளை வனத்துறை சுடலாம் என்று 2025 ஜனவரியில் அரசு அறிவித்தது. எங்கள் நிலமோ காட்டோரம். அந்த ஏற்பாடு எங்களுக்கு உதவாது. உரிமத் துப்பாக்கியும் கையில் இல்லாதபோது சிலர் கள்ளத்தனமாக மின்வேலி போடவும் அவுட்டுக்காய் (விலங்கு கடித்தால் வெடிக்கும் நாட்டு வெடி) வைக்கவும் துணிகிறார்கள். 2023 மார்ச்சில் தருமபுரி மாவட்டம் மாரண்டஹள்ளி அருகே அத்தகைய மின்வேலியில் மூன்று யானைகள் செத்தன. மனிதர்களும் இப்படிச் சாகிறார்கள். ஒரு வேட்டுச் சத்தம் எந்த உயிரையும் எடுக்காது.

எனவே, வரும் தேர்தல்களில் பரிசீலனைக் குழு கூடி முடிவெடுத்த பிறகே துப்பாக்கியைக் கேட்கவும், கேட்கும்போது காரணத்தோடு எழுத்துப்பூர்வ நோட்டீஸ் கொடுக்கவும் உத்தரவிட வேண்டுகிறோம். வழக்கு ஏதும் இல்லாத பயிர்ப் பாதுகாப்பு உரிமதாரர்களுக்கு விலக்கு அளிக்க வேண்டும். யாரிடமாவது வாங்கியே ஆக வேண்டும் என்றால், துப்பாக்கியின் நிலையைக் குறித்து முறையான ரசீது தந்து, எண்ணெய் போட்டு ஈரம் படாத இடத்தில் வைத்து, முடிவு வெளியான ஒரு வாரத்துக்குள் திருப்பித் தர நிலையங்களுக்கு அறிவுறுத்தவும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம். எங்கள் உரிம நகல்களை இத்துடன் இணைத்துள்ளோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மலையடிவார விவசாயிகள்