குளத்து ரீல்ஸும் கிராம சபையும்

ஆசிரியருக்கு வணக்கம்.

2017ஆம் ஆண்டு ஒக்கிப் புயலின்போது, கடலில் காணாமல்போன மீனவர்களின் விவரங்களைத் திரட்டி வாட்ஸ்அப் வழியே பரப்பி, அரசின் கவனத்தைக் குமரிக் கடற்கரைப் பக்கம் திருப்பியதில் எங்கள் மாவட்ட இளைஞர்களுக்கும் பங்குண்டு.

ஆனால், கல்குளம் வட்டத்திலுள்ள எங்கள் ஊரில் ஆகாயத்தாமரை மூடிய குளத்தைப் பற்றி ரீல்ஸ் வெளியிட்டுப் பாராட்டுப் பெற்ற தம்பிமார் எவரும் அக்டோபர் 2 கிராம சபைக்கு வரவில்லை, வந்த ஒரே இளைஞரும் (அவராவது வந்தாரே!) பதிவேட்டில் கையெழுத்திட்டு, செல்ஃபி எடுத்துக்கொண்டு புறப்பட்டுவிட்டார்.

ஊராட்சி வாக்காளர் பட்டியலில் பெயருள்ள எவரும் அங்கே பேசலாம் என்பதே பலருக்குத் தெரியாதபோது, முழுப் பழியையும் அவர்கள்மேல் போடுவது நியாயமன்று. ஆண்டுக்கு ஆறு முறை கூடும் இச்சபையின் கூட்டப் பொருளை, ஊராட்சி நிர்வாகம் ஒரு வாரம் முன்னதாகவே இளைஞர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் வெளியிட வேண்டும்.

இப்படிக்கு,
வாசகர், தக்கலை,
கன்னியாகுமரி மாவட்டம்.