தமாலேயிலிருந்து: ஷியா மரம் பற்றி

அன்புள்ள நண்பர் சுந்தரம் அவர்களுக்கு,

வணக்கம். பேத்தியின் திருமணம் நிச்சயமான செய்தி அறிந்து மகிழ்ந்தேன். அவள் பூசும் களிம்பில் உள்ள ‘ஷியா’ என்ன என்று கேட்டிருந்தீர்கள். நான் வேலை பார்க்கும் தமாலே நகரம் இருக்கும் இந்த வட கானாவில் வயல் நடுவே நிற்கும் மரம் அது. நம் இலுப்பையின் குடும்பத்தைச் சேர்ந்தது.

காய்ப்புக்கு வர 15, 20 ஆண்டுகள் ஆவதால் இதை நட்டு வளர்ப்பவர் அரிது. ஆனால், நிலத்தைத் திருத்திச் சோளமும் கம்பும் விதைக்கும் உழவர்கள், தானாக முளைத்த இம்மரத்தை மட்டும் வெட்டாமல் விட்டுவிடுகிறார்கள். பழைய தானியம் தீர்ந்து, புது விளைச்சல் வீடு வந்து சேராத மழைக்கால மாதங்களில்தான் பழம் உதிர்கிறது. பச்சைத் தோலுக்குள் குழைந்திருக்கும் இனிப்புச் சதையைப் பிள்ளைகள் தின்றுவிடுவார்கள். கொட்டை பெண்களுக்கு உரியது.

அதை அவித்து, வெயிலில் காயவைத்து, ஓடு நீக்கி, பருப்பை இடித்து வறுத்து அரைத்தால் கரும்பழுப்பு விழுது கிடைக்கும். அகலமான பாத்திரத்தில் அதற்குச் சிறிது சிறிதாக நீர் வார்த்து, முழங்கை வரை கைவிட்டு அடித்துக்கொண்டே இருக்கிறார்கள். தோள் கடுத்துப்போகும் வேலை. நிறம் மெல்ல வெளுத்து, கொழுப்பு நுரைபோல் மேலே திரண்டதும் வழித்தெடுத்து, அலசி, காய்ச்சி ஆறவைக்கிறார்கள். அதுவே சமையலுக்கு நெய். கைக்குழந்தையின் உடம்பில் தேய்ப்பதும், ஹர்மட்டான் வறட்காற்றில் வெடிக்கும் உதட்டுக்குத் தடவுவதும் அதைத்தான். 1352இல் மாலிக்குப் பயணம் செய்த இப்னு பதூதா, ஒரு மரத்துக் கொட்டையின் எண்ணெயில் இம்மக்கள் சமைப்பதையும் விளக்கேற்றுவதையும், மண்ணோடு கலந்து அதைச் சுவரில் பூசுவதையும் குறித்துவைத்திருக்கிறார். அது ஷியாவே என்பது அறிஞர் பலரின் கருத்து.

என் ஆதங்கம் ஒன்று உண்டு. பருப்பில் பெரும்பகுதி வெண்ணெயாகாமலே கப்பலேறுகிறது. எண்ணெய் பிழியும் லாபம் வேறு நாட்டு ஆலைகளுக்குப் போகிறது. அதிலும் களிம்பைவிடச் சாக்லேட்டுக்கே கூடுதலாகச் செல்கிறது. கொக்கோ அல்லாத சில தாவரக் கொழுப்புகளை 5 சதவீதம் வரை சாக்லேட்டில் சேர்க்க ஐரோப்பிய ஒன்றியம் 2003 முதல் இடமளிக்கிறது. ஷியா அவற்றுள் ஒன்று. உங்கள் பேத்தி பூசியதைவிடத் தின்றதே அதிகமாக இருக்கலாம்!

ஊருக்கு வருபவர் ஒருவரிடம் உங்கள் முழங்கால் வலிக்கு ஒரு கட்டி கொடுத்தனுப்புகிறேன். இங்குள்ள முதியவர்கள் சூடுபறக்கத் தேய்த்துக்கொள்கிறார்கள். நம் ஊர் வெயிலில் இளகிவிடும். இறுக மூடிய டப்பாவில் வையுங்கள்.

அன்புடன்,
ராமலிங்கம்