அடுப்புக்கும் உரிமம் வேண்டும்

அன்புள்ள மீனாட்சிக்கு,

நலம். உன் வீட்டில் அனைவரும் நலம்தானே? வீட்டுக்காரரின் கண் அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்தது என்று படித்ததும்தான் எனக்கு நிம்மதியாயிற்று. இங்கே மகன் வீடு மாற்றிய அலைச்சலில் பதில் எழுதுவது தள்ளிக்கொண்டே போயிற்று, கோபித்துக்கொள்ளாதே.

உங்கள் மகளிர் குழு முறுக்கோடும் அதிரசத்தோடும் நின்றுவிடாமல், பாளையங்கோட்டையில் பெரிய அளவில் ஓர் உணவுத் திருவிழா நடத்தலாமா என்று யோசிப்பதாக எழுதியிருந்தாய். நான் இருக்கும் சான் பிரான்சிஸ்கோவில் லத்தீனோ மக்கள், அதாவது லத்தீன் அமெரிக்க வழி வந்தவர்கள், இதுபோல ஏதோ செய்வதாகக் கேள்விப்பட்டு, அது எப்படி நடக்கிறது என்றும் கேட்டிருந்தாய். திருவிழாவைப் பற்றிக் கேட்டிருக்கிறாய். நான் அதைவிட அதிகமாக அடுப்பைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். ஏன் என்பது போகப் போகத் தெரியும்.

இந்த ஊரில் மிஷன் என்று ஒரு பகுதி இருக்கிறது. 1776இல் ஸ்பானியப் பாதிரிமார் தொடங்கிய சமயக் குடியிருப்பால் வந்த பெயர் அது. சென்ற நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து மெக்சிகோ நாட்டவரும் மத்திய அமெரிக்க நாட்டவரும் அங்கே குடியேறினார்கள். எல் சால்வடோரில் 1980 முதல் 1992 வரை நடந்த உள்நாட்டுப் போரிலிருந்து தப்பி வந்தவர்கள் பலர். பின்னாளில் மெக்சிகோவின் யுகத்தான் தீபகற்பத்திலிருந்து மாயா மொழி பேசுவோரும் வந்து சேர்ந்தார்கள். இந்த ஊர் உணவகங்களின் பின்கட்டில் பாத்திரம் கழுவுவதிலும் காய் நறுக்குவதிலும் அவர்கள் உழைப்பு நிறைய இருக்கிறது. வெளியாருக்கு இவர்கள் எல்லோரும் ஒரே லத்தீனோ. உள்ளே போய்ப் பழகினால்தான், மக்காச்சோள மாவில் செய்யும் தமாலே என்ற பலகாரத்தை மக்காச்சோள மடலில் சுற்றுவதா வாழை இலையில் சுற்றுவதா என்பதிலேயே இவர்களுக்குள் எத்தனை பெருமிதமும் எத்தனை பொய்க்கோபமும் உண்டு என்பது தெரியவரும்.

கொண்டாட்டத்துக்கு இங்கே குறைவே இல்லை. 1968இல் ஒரு வாரமாகத் தொடங்கி 1988இல் ஒரு மாதமாக நீட்டப்பட்ட ஹிஸ்பானிய மரபு மாதம் என்று ஒன்று அரசாங்கக் கணக்கிலேயே இருக்கிறது. குவாத்தமாலா, எல் சால்வடோர், ஹோண்டுராஸ், நிக்கராகுவா, கோஸ்டா ரிக்கா ஆகிய ஐந்து நாடுகளின் விடுதலை நாளான செப்டம்பர் 15இல் அது தொடங்கும். அந்த ஒரு மாதம் பெரிய நிறுவனங்களின் உணவுக்கூடங்களில் டாக்கோ என்ற மெக்சிகோ மடிப்பு ரொட்டி பரிமாறி, வண்ணத்தாள் தோரணம் கட்டி, படம் எடுத்துக்கொள்வார்கள். அதே கூடத்தில் இரவு தரை துடைக்க வருகிறவர் எந்த நாட்டுக்காரர், அவர் வீட்டில் என்ன சமைப்பார் என்று யாரும் கேட்பதாக எனக்குத் தெரியவில்லை.

மிஷன் மக்கள் தாங்களாகவே நடத்தும் விழாக்களின் கதை வேறு. 1970இல் சிக்கானோ, அதாவது மெக்சிகோ வழி வந்த அமெரிக்க, ஓவியர்கள் சேர்ந்து தொடங்கிய கலேரியா தே லா ராசா என்ற கலைக்கூடம், 1972இல் இறந்தோர் நாளுக்கென்று படையல் மாடங்கள் அமைத்துக் கண்காட்சி நடத்தியது. இன்றைக்கு நவம்பர் 2 இரவு 24ஆம் தெரு வட்டாரத்தில் ஊர்வலம் போகும் கூட்டத்தைப் பார்த்தால், அது ஒரு சின்ன அறையில் தொடங்கியது என்று நம்ப முடியாது. படையலில் இறந்தவரின் படம், அவருக்குப் பிடித்த பதார்த்தம், எலும்பு வடிவம் வைத்துச் சுட்ட இனிப்பு ரொட்டி, பிறகு குவியல் குவியலாகச் செண்டுப்பூ. நம் ஊரில் மாலைக்கும் ஆயுத பூசைக்கும் கூடை கூடையாக வாங்குகிறோமே, அதே செண்டுப்பூதான்; அதன் சொந்த ஊர் மெக்சிகோ. நம் மிளகாயும் கொய்யாவும் அந்தப் பக்கத்திலிருந்து கப்பலேறி வந்தவைதாம். 2014இல் 24ஆம் தெருவைச் சுற்றிய பகுதியை லத்தீனோ பண்பாட்டு வட்டாரமாக நகராட்சி அறிவித்தது. அறிவிக்க வேண்டிய அளவுக்கு வாடகை ஏறி, பழைய குடும்பங்கள் வெளியேறிக்கொண்டிருந்தன என்பதே உண்மை. வாடகையை ஏற்றிவிட்டவர்கள் கணினி வேலைக்கு வந்தவர்கள். என் மகனையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

இனி அடுப்புக்கு வருகிறேன். எங்கள் பழைய வீட்டுக்குப் பக்கத்தில் மெக்சிகோவின் மிச்சோகான் மாநிலத்து அம்மாள் ஒருவர் இருந்தார். டிசம்பர் மாதத்தில் உறவுப் பெண்கள் எல்லோரும் அவர் வீட்டில் கூடித் தமாலே செய்வார்கள். என்னையும் ஒரு முறை உட்கார வைத்துவிட்டார்கள். முதல் நாளே காய்ந்த மக்காச்சோளத்தைச் சுண்ணாம்பு கலந்த நீரில் வேகவைத்து, இரவு முழுக்க அப்படியே ஊறவிட்டு, காலையில் தோல் கழன்று போகும்படி அலசி, மாவாக அரைத்து வைத்திருந்தார்கள். நாம் வெற்றிலைக்குத் தடவுகிற அதே சுண்ணாம்புதான். மாவு பிடிப்பாக வருவதற்கு மட்டும் அது என்று நினைத்துவிடாதே. மக்காச்சோளத்தில் இருக்கும் நியாசின் என்ற சத்து சுண்ணாம்பு பட்டால்தான் உடம்பில் சேரும். ஐரோப்பியர் மக்காச்சோளத்தை மட்டும் எடுத்துக்கொண்டு இந்தப் பக்குவத்தை விட்டுவிட்டுப் போனதால், மக்காச்சோளமே கதியென்று கிடந்த வட இத்தாலியிலும், பின்னாளில் அமெரிக்காவின் தென் மாநிலங்களிலும், ஏழைகள் பெலாக்ரா நோயில் தோல் வெடித்து, புத்தி கலங்கிச் செத்தார்கள். பள்ளிக்கூடம் போகாத பெண்கள் பல ஆயிரம் ஆண்டாகக் கையில் வைத்திருந்த அறிவு அது.

மாவில் பன்றிக் கொழுப்பைச் சேர்த்துக் கை ஓயும் வரை அடித்தார்கள். பதம் வந்துவிட்டதா என்று பார்க்க அந்த அம்மாள் ஒரு சிட்டிகை மாவைக் கிள்ளித் தண்ணீர்க் குவளையில் போட்டார்; அது மூழ்கியது. மறுபடியும் அடி. அடுத்த தடவை மிதந்தது. வெந்நீரில் ஊறிய மடலின் வழவழப்பான பக்கத்தில் கரண்டியின் பின்புறத்தால் மாவைத் தடவி, நடுவே சிவப்பு மிளகாய்ச் சாற்றில் வெந்த இறைச்சியை வைத்து, இரு பக்கமும் மடித்து, வால் நுனியை மேலே திருப்பி, ஆவிப் பானையில் நெட்டுக்குத்தாக நிறுத்த வேண்டும். பானையின் அடியில் தண்ணீருக்குள் ஒரு காசைப் போட்டு வைத்தார்கள். தண்ணீர் கொதித்துக்கொண்டிருக்கும் வரை காசு கலகலவென்று ஆடிக்கொண்டே இருக்கும். சத்தம் நின்றால் தண்ணீர் வற்றிவிட்டது, ஊற்று என்று பொருள். எனக்கு அந்தக் காசின் மேல்தான் கண்ணும் காதும். பிப்ரவரி 2ஆம் தேதிக்கும் இதே பாடுதான்: ஜனவரி 6 அன்று வெட்டும் வளைய ரொட்டிக்குள் ஒளித்து வைத்த குழந்தைப் பொம்மை யார் துண்டில் கிடைக்கிறதோ, அவர் அன்று எல்லோருக்கும் தமாலே போட வேண்டும்.

அந்த வீட்டுப் பெண்களில் சிலர் மற்ற நாட்களில் அதே தமாலேயைக் குளிர்காப்புப் பெட்டியில் அடுக்கி, கோயில் வாசலிலும் பேருந்து நிறுத்தத்திலும் விற்றுக்கொண்டிருந்தார்கள். அன்றைய சட்டப்படி அது குற்றம். வீட்டு அடுப்பில் சமைத்த இறைச்சிப் பண்டத்தை விற்கக் கூடாது; சுகாதாரத் துறையின் அனுமதி பெற்ற வணிகச் சமையலறையில்தான் சமைக்க வேண்டும் என்றிருந்தது. அதன் வாடகையோ மணிக்கணக்கில் ஓடும். சோதனை அதிகாரி வந்தால் பண்டம் குப்பைத் தொட்டிக்குப் போகும், கையில் அபராதச் சீட்டு வரும். மாநிலமே மெச்சிக் கொண்டாடும் உணவு, அதைச் செய்கிற பெண்ணுக்கு மட்டும் குற்றம். இந்த இடைவெளியில்தான் 2005இல் லா கொசினா என்ற லாப நோக்கமற்ற அமைப்பு பிறந்தது. நீ கேள்விப்பட்டது இதுவாகத்தான் இருக்கும்.

மிஷன் பகுதியின் ஃபோல்சம் தெருவில் அவர்களுக்கு ஒரு பொதுச் சமையலறை இருக்கிறது. குறைந்த வருமானமுள்ளவர்கள், பெரும்பாலும் புலம்பெயர்ந்த பெண்கள், விண்ணப்பித்துத் தேர்வானால், சந்தை வாடகையைவிடக் குறைந்த கட்டணத்தில் அங்கே முறைப்படி சமைக்கலாம். ஆனால் என் கணக்கில் சமையலறை பாதிதான். சுகாதார அனுமதி, காப்பீடு, வரிக் கணக்கு, பெட்டியின் மேல் ஒட்டும் சீட்டில் என்னென்ன இருக்க வேண்டும், சந்தையில் கடை பிடிப்பது எப்படி என்று ஒவ்வொன்றையும் உடன் இருந்து கற்றுக்கொடுத்து, சொந்தக் காலில் நிற்கும் வரை சில ஆண்டுகள் கூடவே வருகிறார்கள். எல்லாவற்றிலும் கடினம் விலை வைப்பது என்று நினைக்கிறேன். மாவுக்கு இவ்வளவு, இறைச்சிக்கு இவ்வளவு என்று எழுதுகிற பெண், தன் கைவேலைக்கு ஒரு பைசாவும் எழுத மாட்டாள். இதை உனக்கு நான் விளக்க வேண்டியதில்லை. உங்கள் குழுவின் கணக்குப் புத்தகத்தைப் புரட்டினாலே தெரியும்.

இங்கிருந்து வெளியே போனவர்களைக் கேள். மெக்சிகோ நகரத்து வெரோனிகா சலசார், செருப்பின் நீள வடிவில் தட்டும் மக்காச்சோள அடையைச் சந்தையில் விற்றுத் தொடங்கி, உணவகம் வைத்தார். இசபெல் கௌதியோ, டெண்டர்லாயின் பகுதியிலிருந்த தம் சிறிய குடியிருப்பில் அக்கம்பக்கத்தாருக்குச் சாப்பாடு போட்டுக்கொண்டிருந்தவர். பின்னர் அவர் வைத்த உணவகத்தைப் பத்திரிகைக்காரர்கள் தேடிப் போனார்கள். அலிசியா வில்லானுவேவா, வீடு கூட்டும் வேலைக்கு நடுவே இரவில் தமாலே செய்து வீடு வீடாக விற்றவர்; ஹேவர்ட் நகரில் தமாலே தயாரிக்கும் கூடமே வைத்துவிட்டார். லத்தீனோப் பெண்களுக்காக எழுந்த இந்தச் சமையலறையில் பின்பு கம்போடியாவிலும் அரபு நாடுகளிலும் வேர் கொண்டவர்கள் வந்து சேர்ந்தார்கள். பினாங்கிலிருந்து வந்த அசலினா யூசோப் என்பவரும் இங்கே வளர்ந்தவரே; அவர் மலேசியாவின் மாமாக் மரபினர், அதாவது தமிழ் முஸ்லிம் வழி வந்தவர். உறவு எங்கெங்கோ சுற்றி நம் வாசலுக்கு வந்து நிற்கிறது, பார்.

திருவிழாவும் உண்டு. 2009இல் முதன்முதலாக ஃபோல்சம் தெருவில் தெருவுணவுத் திருவிழா நடத்தினார்கள். எதிர்பார்த்ததைவிடக் கூட்டம் பல மடங்கு நெரிந்தது. ஆனால் அங்கே கடை போட்ட பெண்களுக்கு மறுநாள் காலையில் போய்ச் சமைப்பதற்கு அனுமதியுள்ள ஓர் அடுப்பு இருந்தது. நான் உனக்கு அழுத்திச் சொல்ல விரும்புவது இந்த ஒன்றைத்தான். அடுப்பு இல்லாத திருவிழா, மொய் எழுதாத கல்யாணம் மாதிரி: வந்தவர்கள் வயிறார உண்டு வாழ்த்திவிட்டுப் போவார்கள், கடன் கல்யாண வீட்டாருக்கு.

எல்லாம் வெற்றி என்று எழுதினால் நீ நம்பமாட்டாய், நம்பவும் கூடாது. 2021 ஏப்ரலில் டெண்டர்லாயின் பகுதியில், பழைய அஞ்சலகக் கட்டடம் ஒன்றில், பெண்களே நடத்தும் உணவுக் கடைகளின் கூடம் ஒன்றை இந்த அமைப்பு திறந்தது. கொரோனாவால் அலுவலகங்கள் வெறிச்சோடி, மதியச் சாப்பாட்டுக்கு வருகிற கூட்டமே இல்லாத காலம். தாக்குப்பிடிக்க முடியாமல் 2023இல் பொதுமக்களுக்கான விற்பனையை நிறுத்திவிட்டார்கள். எண்ணத்தில் கோளாறு என்று நான் சொல்லமாட்டேன். தெருவில் ஆள் நடமாட்டம் இல்லையென்றால் எந்தக் கைப்பக்குவமும் செல்லுபடியாகாது.

சட்டமும் மெல்ல அசைந்திருக்கிறது. நடைபாதை வியாபாரத்தைக் குற்றவியல் சட்டத்தின் பிடியிலிருந்து விடுவிக்கும் சட்டத்தைக் கலிபோர்னியா 2018இல் இயற்றியது. அப்படியும் சுகாதார விதிகள் பெரிய உணவு வண்டிகளை மனத்தில் வைத்து எழுதியவையாகவே இருந்ததால், தமாலே விற்கும் பெண்ணால் அனுமதி வாங்க முடியவில்லை. 2022இல் இன்னொரு சட்டம் போட்டு அவற்றையும் ஓரளவு தளர்த்தினார்கள். இரண்டுக்கும் பின்னால் தெரு வியாபாரிகளும் அவர்களுக்குத் துணை நின்ற சமூக அமைப்புகளும் ஆண்டுக்கணக்கில் நகர மன்றப் படிகளில் ஏறி இறங்கிய கதை இருக்கிறது, லாஸ் ஏஞ்சலஸில் இன்னும் அதிகமாக. ஆனால் 2023 நவம்பரில், திருட்டுப் பொருள் விற்பனையையும் அதிகாரிகள் தாக்கப்படுவதையும் காரணம் காட்டி, மிஷன் தெருவில் நடைபாதை வியாபாரத்துக்கே சான் பிரான்சிஸ்கோ நகராட்சி தடை போட்டது. காரணம் பொய்யல்ல, அந்தத் தெருவில் நடந்தவளுக்குத் தெரியும். அடி விழுந்தது என்னவோ நேர்மையாகப் பிழைத்தவர்களுக்கும் சேர்த்துத்தான்.

ஆகவே, திருவிழா நடத்துங்கள். வேண்டாம் என்று சொல்ல நான் யார்? ஆனால் பந்தலுக்கும் ஒலிபெருக்கிக்கும் ஒதுக்கும் பணத்தில் ஒரு பங்கை, குழுப் பெண்கள் அனைவரும் முறைவைத்துச் சமைக்கிற ஒரு பொதுச் சமையலறைக்கு ஒதுக்க முடியுமா என்று உங்கள் கூட்டத்தில் கேட்டுப் பார். ஊராட்சியில் பூட்டிக் கிடக்கும் கட்டடம் ஒன்று இருப்பதாக முன்பு ஒரு முறை எழுதியிருந்தாயே, அது இன்னும் அப்படியேதான் கிடக்கிறதா? தண்ணீர் வசதியும் கழிவுநீர்ப் போக்கும் எப்படி? உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவுக்கு விண்ணப்பித்தாயிற்றா, குழுவின் பெயரிலா அல்லது தனித்தனி ஆட்களின் பெயரிலா? அதிரசத்துக்கு இப்போது என்ன விலை வைக்கிறீர்கள், அதில் பாகு காய்ச்சுகிறவளின் கூலி எவ்வளவு என்று பிரித்து எழுது. எண்களைப் பார்த்த பிறகு நான் விவரமாக எழுதுகிறேன்.

உன் வீட்டுக்காரரைக் கண்ணில் தூசி படாமல் பார்த்துக்கொள்ளச் சொல்.

அன்புடன்,
உன் செல்வி