குளிர்காலத்துல மோட்டார்ஹோம் எடுக்கறவங்களுக்கு கொஞ்சம் சொல்லணும்

ஆசிரியருக்கு வணக்கம்.

போன இதழ்ல வந்த நியூஸிலாந்து சுற்றுலா கட்டுரைய வீட்ல எல்லாரும் படிச்சோம், நல்லாவே இருந்தது, ஆனா அதுல "மோட்டார்ஹோம் (படுக்கை, அடுப்பு, டாய்லெட் எல்லாம் உள்ளேயே இருக்கற வண்டி) வாடகைக்கு எடுத்துட்டா ஓட்டல் செலவே இல்ல, பிடிச்ச இடத்துல நிறுத்தி தூங்கிக்கலாம், வருஷம் முழுக்க போகலாம்"ங்கற மாதிரி எழுதியிருந்தத பாத்ததும் இந்த லெட்டர் எழுதாம இருக்க முடியல. நாங்க கிறைஸ்ட்சர்ச்ல இருக்கோம். இந்த ஜூலை ஸ்கூல் லீவுல நான், என் வீட்டுக்காரர், ரெண்டு பசங்க, மதுரைல இருந்து வந்திருந்த எங்க அத்தை, எல்லாரும் முதல் தடவையா குளிர்காலத்துல மோட்டார்ஹோம்ல தெற்குத் தீவ சுத்திட்டு வந்தோம். போகாதீங்கன்னு சொல்ல வரல. ரொம்ப நல்லா இருந்தது. ஆனா கட்டுரைல இருக்கற மோட்டார்ஹோம் ஜனவரி மாச, அதாவது இங்க வெயில் கால மோட்டார்ஹோம். நம்ம ஊர்ல இருந்து வர்றவங்க பெரும்பாலும் பசங்களுக்கு லீவு விடற மே மாசத்துலதான் வர்றாங்க, அப்ப இங்க குளிர் ஆரம்பிச்சிருக்கும், மலை ரோட்டுல ஐஸ் படிய ஆரம்பிச்சிடும். இதுல ஒரு வரி கூட கட்டுரைல இல்ல.

முதல்ல "பிடிச்ச இடத்துல தூங்கலாம்"ங்கறது. அப்படியெல்லாம் முடியாதுங்க. எந்த இடத்துல ராத்திரி தங்கலாம், எங்க கூடாதுன்னு ஒவ்வொரு ஊர் கவுன்சிலுக்கும் தனி ரூல் இருக்கு. பல இடத்துல செல்ஃப் கன்டெய்ன்டு சர்டிபிகேட் (தண்ணி, டாய்லெட், கழிவு டேங்க் எல்லாம் வண்டிலயே இருக்குங்கற சான்று) உள்ள வண்டிய மட்டும்தான் விடுவாங்க, 2023ல வந்த சட்டப்படி டாய்லெட் வண்டியோடவே பொருத்தி இருந்தாதான் அந்த சர்டிபிகேட் கிடைக்கும். மீறினா ஃபைன். அப்புறம் குளிர்காலத்துல ஓசி இடத்த தேடறதே வேண்டாத வேலைன்னு நான் நினைக்கறேன், குழந்தைங்க, வயசானவங்க கூட இருந்தா ஹாலிடே பார்க்ல, அதாவது காசு கட்டி வண்டிய நிறுத்தி தங்கற இடத்துல, கரன்ட் கனெக்ஷன் உள்ள பவர்டு சைட்டா பாத்து புக் பண்ணிடுங்க. வண்டில டீசல் ஹீட்டர் இருக்கும்தான், ஆனா அதோட ஃபேன் ஓடறதுக்கு பேட்டரி வேணும், இந்த மாசத்துல சோலார் பேனல் பேருக்குத்தான். ராத்திரி மூணு மணிக்கு பேட்டரி இறங்கி ஹீட்டர் நின்னுச்சுன்னா அப்புறம் தூக்கம் ஏது. கரன்ட் இருந்தா ஒரு சின்ன எலக்ட்ரிக் ஹீட்டர் போட்டுக்கலாம், குளிக்க பார்க்லயே சூடா ஷவர் இருக்கும், எங்க அத்தை வண்டிக்குள்ள குளிக்கவே மாட்டேன்னுட்டாங்க, அந்த பாத்ரூம்ல திரும்பவே இடமில்ல, அவங்க சொன்னதும் நியாயம்தான்.

தண்ணி விஷயம் யாரும் சொல்ல மாட்டாங்க. பார்க்ல குழாய்ல இருந்து வண்டிக்கு ஹோஸ் மாட்டி அப்படியே விட்டுட்டு தூங்கினா காலைல ஹோஸ் முழுக்க ஐஸ் கட்டி. அதனால சாயந்தரமே டேங்க்க ரொப்பிட்டு ஹோஸ கழட்டி உள்ள இருந்த தண்ணிய வடிச்சு சுருட்டி வெச்சிடணும். டெகாப்போங்கற ஏரிக்கரை ஊர்ல பக்கத்து வண்டிக்காரர் வாய்க்கு வந்தபடி திட்டிக்கிட்டே ஹோஸ தரைல அடிச்சிக்கிட்டு இருந்தத பசங்க ஜன்னல் வழியா பாத்து சிரிச்சதுல எனக்கு சங்கடமா போச்சு.

அதே மாதிரி ஈரம். அஞ்சு பேர் மூச்சு விடறோம், சமைக்கறோம், நனைஞ்ச ஜாக்கெட்ட தொங்கவிடறோம், காலைல எழுந்தா வண்டிக்குள்ள துணி துவைச்சு காயப்போட்ட ரூம் மாதிரி இருக்கும். டிரைவர் சீட்டுக்கு மேல இருக்கற பெட்ல பெரியவன் படுத்தான், அந்த ஓரத்து ஜன்னல் கண்ணாடில தண்ணி கோடு கோடா இறங்கி ரப்பர் ஓரத்துல தேங்கி அவன் தலையணையில சொட்டிக்கிட்டு இருந்துச்சு, மெத்தைய தூக்கினா அடிப்பலகையும் ஈரம். குளிருதேன்னு எல்லாத்தையும் இறுக்கி மூடக்கூடாது, மேல இருக்கற வென்ட்ட ஒரு விரல் அளவாவது திறந்து வைக்கணும், தினமும் காலைல ஒரு பழைய துண்டால கண்ணாடி எல்லாம் துடைக்கணும், மெத்தைய கொஞ்ச நேரம் தூக்கி நிறுத்தி வைக்கணும். தாளிக்கறதும் வண்டிக்கு வெளியதான், உள்ள கடுகு வெடிச்ச உடனே ஸ்மோக் அலாரம் கத்தி பக்கத்து வண்டி எல்லாம் முழிச்சிக்கும். அந்த அலாரத்த சத்தம் தாங்காம கழட்டி வைக்கறவங்களும் இருக்காங்க, தயவு செஞ்சு அத மட்டும் செய்யாதீங்க, கேஸ் அடுப்பும் ஹீட்டரும் இருக்கற மூடின இடம் அது. கார்பன் மோனாக்சைடுங்கற விஷ வாயு வந்தா வாசனையே தெரியாது, சாதாரண ஸ்மோக் அலாரமும் அத கண்டுபிடிக்காது, அதுக்கு தனி அலாரம் வேணும். வெளிய சமைக்க கையடக்க கேஸ் அடுப்பு வாங்கறவங்க சிலிண்டர்ல என்ன கேஸ்னு பாத்து வாங்குங்க, வெறும் பியூட்டேன்னா பூஜ்யம் டிகிரி கிட்ட வந்தாலே ஆவியாகாம அடுப்பு மினுக்கு மினுக்குன்னு எரியும், புரொப்பேனுக்கு அந்த கவலையே இல்ல.

இப்ப முக்கியமான விஷயத்துக்கு வர்றேன், ரோடு. கட்டுரைல ஒரே நாள்ல கிறைஸ்ட்சர்ச்ல இருந்து குயின்ஸ்டவுன் போயிடலாம்னு போட்டிருக்கீங்க. கார்ல, வெயில் காலத்துல, சரி. ஜூலைல அந்தப் பக்கம் காலைல எட்டு மணிக்கு மேலதான் சூரியனே வரும், அஞ்சரைக்கெல்லாம் இருட்ட ஆரம்பிச்சிடும். மலை நிழல் விழற வளைவுல மத்தியானம் வரைக்கும் பிளாக் ஐஸ், அதாவது கண்ணுக்கு தெரியாத மெல்லிசு ஐஸ் இருக்கும், ரோடு ஈரமா இருக்கற மாதிரிதான் தெரியும், அவ்வளவு பெரிய வண்டிய அதுல பிரேக் போட்டு நிறுத்தறது விளையாட்டில்ல. அதனால பத்து மணிக்கு கிளம்பி மூணு மணிக்குள்ள போய் சேர்ற தூரம்தான் ஒரு நாளைக்கு. நாங்க முதல் நாள் டெகாப்போவோட நிறுத்திட்டோம், அதுவே கிட்டத்தட்ட 225 கிலோமீட்டர். வண்டி 3500 கிலோவுக்கு மேலன்னா ஸ்பீடு லிமிட் 100 இல்ல, 90தான், இதுவும் பலருக்கு தெரியாது.

குயின்ஸ்டவுன் போற வழில இருக்கற லிண்டிஸ் பாஸ்ங்கற மலைக் கணவாய் 971 மீட்டர் உயரம், நாங்க போன அன்னைக்கு ஸ்னோ செயின் (பனில வழுக்காம இருக்க டயர்ல சுத்தி மாட்டற சங்கிலி) போடணும்னு போர்டு வெச்சிருந்தாங்க. வண்டி குடுத்த ஆபீஸ்ல செயின ஒரு பைல போட்டு குடுத்தாங்களே தவிர எப்படி மாட்டறதுன்னு காட்டவே இல்ல, நாங்க கேட்டதுக்கு வீடியோ பாருங்கன்னு பதில், லிண்டிஸ்ல போன் சிக்னலே கிடையாது! நல்லவேளையா என் வீட்டுக்காரர் முதல் நாளே பார்க்ல உக்காந்து மாட்டி கழட்டி பழகியிருந்தார். வண்டி எடுக்கறவங்க அங்கேயே, அவங்க கண்ணு முன்னாடியே ஒரு தடவ மாட்டி பாத்துட்டு கிளம்புங்க, எந்த வீல் இஞ்சின் சுத்தற வீலோ அதுலதான் மாட்டணும். குயின்ஸ்டவுனுக்கு குறுக்கு வழியா போற செங்குத்தான கிரவுன் ரேஞ்ச் மலை ரோட்டுல மோட்டார்ஹோம் ஓட்டக்கூடாதுன்னு நிறைய கம்பெனி அக்ரிமெண்ட்லயே போட்டிருப்பாங்க, மீறினா இன்சூரன்ஸ் போச்சு, குரோம்வெல் வழியா கவாராவ் பள்ளத்தாக்கு ரோட்ட புடிச்சு போங்க. டீசலும் கிறைஸ்ட்சர்ச்லயே முழுசா ரொப்பாம மலைப்பக்கம் போய் ரொப்பினா அங்க விக்கற குளிர்கால டீசல் உறையாம இருக்கும். டீசல் விலை கம்மின்னு கட்டுரைல சந்தோஷப்பட்டிருக்கீங்க, இந்த ஊர்ல டீசல் வண்டிக்கு ரோடு வரி ஓடற கிலோமீட்டர் கணக்குல தனியா வரும், வண்டிய திருப்பி குடுக்கறப்ப பில்லுல இருக்கும்.

மலைக்கு நடுவுல கடல் உள்ள வர்ற மில்ஃபோர்டு சவுண்டுக்கு நாங்க மோட்டார்ஹோம எடுத்துட்டு போகல. டெ அனாவ்ங்கற ஊர்ல நிறுத்திட்டு பஸ்ல போனோம். பனிச்சரிவு அபாயத்துக்கு அந்த ரோட்ட அடிக்கடி மூடுவாங்க, நிறுத்தவே கூடாத இடங்கள் இருக்கு, 1954ல திறந்த ஹோமர் டனல் 1.2 கிலோமீட்டர், உள்ள சரிவா இறங்கும். பஸ் டிரைவர் தினம் ஓட்டறவர், அவர் ஓட்டட்டும். எல்லாரும் ஜன்னல் வழியா வேடிக்கை பாத்தோம், எப்பவும் டிரைவ் பண்ற என் வீட்டுக்காரர் உட்பட.

அப்ப இவ்வளவு கஷ்டப்பட்டு எதுக்குன்னு கேப்பீங்க. டெகாப்போவும் அத சுத்தி இருக்கற இடமும் 2012ல இருந்து டார்க் ஸ்கை ரிசர்வ், அதாவது நட்சத்திரம் நல்லா தெரியணும்னு ராத்திரி வெளிச்சத்த கட்டுப்படுத்தி வெச்சிருக்கற பகுதி, 4,300 சதுர கிலோமீட்டருக்கு மேல. இந்த மாசத்துல சூரியன் லேட்டா வர்றதால ஆறு மணிக்கு எழுந்தாலே போதும், வடகிழக்குல தாழ்வா ஒரு நட்சத்திரக் கொத்து. இங்க பூர்வகுடிகளான மாவோரிகள் அத மட்டாரிக்கின்னு சொல்லி, அது திரும்ப தெரியறத புத்தாண்டா கொண்டாடறாங்க, 2022ல இருந்து அரசு விடுமுறையும் உண்டு. எங்க அத்தை ரெண்டு போர்வைய போத்திக்கிட்டு படிக்கட்டுல நின்னு பாத்துட்டு "அட, இது நம்ம கார்த்திகைடா"ன்னாங்க. டிசம்பர், ஜனவரில வர்றவங்களுக்கு இந்த விடிகாலை காட்சி கிடைக்காது, கூட்டமும் வாடகையும் மட்டும்தான் அதிகமா கிடைக்கும்.

அதனால ஆசிரியர் அவர்களே, அடுத்த இதழ்ல ஒரு சின்ன பெட்டி செய்தியாவது போட்டு அந்த "பிடிச்ச இடத்துல" வரியையும் ஒரே நாள் குயின்ஸ்டவுன் கணக்கையும் திருத்துங்க. எங்க நாத்தனார் குடும்பம் உங்க கட்டுரைய படிச்சிட்டு வர்ற மே மாசத்துக்கு பிளான் போட்டு வெச்சிருக்காங்க, நான் சொன்னா கேக்க மாட்டாங்க, புத்தகத்துல வந்தா நம்புவாங்க.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
கிறைஸ்ட்சர்ச், நியூஸிலாந்து