உன் பெயரை எங்கே எழுதச் சொல்வது?

கும்பகோணம்
27.12.2025

தம்பிக்கு அம்மா எழுதுவது.

இங்கே நான் சௌக்கியம். முழங்கால் வலி கொஞ்சம் தேவலாம். நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா? போனில் பேச ஆரம்பித்தால் மீட்டிங் என்று வைத்துவிடுகிறாய், அதனால்தான் எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமை நிதானமாகப் படி.

வரைவு வாக்காளர் பட்டியல் 19ஆம் தேதி வந்துவிட்டது. நீக்கியவர்கள் பெயரைத் தனியாக ஒட்டியிருக்கிறார்கள் என்று சொன்னார்கள், கண்ணாடியை எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்தேன். அப்பா பெயருக்கு நேரே இறப்பு என்று இருந்தது. அது தெரிந்ததுதான். அதே தாளில் கொஞ்சம் கீழே உன் பெயர், நிரந்தரமாகக் குடிபெயர்ந்தவர் என்று. தமிழ்நாடு முழுக்க 97 லட்சம் பெயரை எடுத்திருக்கிறார்கள். அதில் 66 லட்சம் பேர் உன்னைப் போல ஊர் மாறியவர்களோ, முகவரியில் இல்லாதவர்களோதானாம். பேப்பரில் அந்த எண்ணைப் படித்தபோது ஒன்றும் தோன்றவில்லை. உன் பெயரை அங்கே பார்த்த பிறகு, இத்தனை வீட்டு வாசலிலும் யாரோ ஒருத்தர் நின்று பதில் சொல்லியிருக்க வேண்டுமே என்று நினைத்தேன்.

பட்டியலைச் சரிபார்க்க நம் அங்கன்வாடி டீச்சர்தான் வீடு வீடாகப் படிவம் கொடுத்தாள். வீட்டிலிருக்கிற பெரியவர்கள் பிள்ளைக்காகக் கையெழுத்துப் போடலாம் என்றுகூடச் சொன்னாள். நான் போடவில்லை. தீபாவளிக்கு நீ வரவில்லை. அப்பா திதிக்கு வந்து மறுநாள் காலையில் பஸ் ஏறிவிட்டாய். இங்கேதான் இருக்கிறான் என்று எழுதினால் பொய். இல்லை என்று என் கையால் எழுத மனசு வரவில்லை. படிவத்தைப் படம் பிடித்து உனக்கு அனுப்பினேன். நீலக் கோடு விழுந்தது, பதில் வரவில்லை. கடைசித் தேதியை டிசம்பர் 14 வரை நீட்டினார்கள், அப்போதும் வரவில்லை. வெறும் தாளாகவே திருப்பிக் கொடுத்தேன். என்ன எழுத வேண்டுமோ அவளே எழுதிக்கொண்டாள்.

சரி, ஒன்றும் கெட்டுப்போகவில்லை. பெயர் சேர்க்கிற படிவம் 6ஐ ஜனவரி 18 வரை கொடுக்கலாம். அதை இங்கே கொடுப்பதா பெங்களூரில் கொடுப்பதா என்பதை நீதான் சொல்ல வேண்டும். இரண்டு இடத்திலும் பெயர் வைத்துக்கொள்ளக் கூடாது, சட்டத்தில் இடமில்லை. ஆனால் எந்த இடத்திலும் இல்லாமல் ஒரு மனுஷன் எப்படி இருப்பது? அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

அங்கேயாவது சேர்த்திருப்பாய் என்று நினைத்திருந்தேன். உன் ஊரில் கவுன்சிலர்களுடைய காலம் 2020 செப்டம்பரில் முடிந்தது, அதற்கப்புறம் தேர்தலே நடக்கவில்லை. இந்த செப்டம்பரில் ஊரை ஐந்து மாநகராட்சியாகப் பிரித்துவிட்டார்கள் என்று படித்தேன். நீ இருக்கும் இடம் எதில் வருகிறது என்று உனக்குத் தெரியுமா? 2024 கோடையில் தண்ணீர் இல்லாமல் ஆபீஸில் போய்க் குளித்ததாகச் சொன்னாயே, அப்போது யாரிடம் போய்க் கேட்டாய்? லாரிக்குப் பணம் கொடுத்தேன் என்றாய். பணம் இருக்கிறது, கொடுத்தாய். அந்தத் தெருவில் பணம் இல்லாதவர்கள் என்ன செய்தார்கள்?

காலேஜில் படிக்கும்போது பத்து ரூபாய் ஸ்டாம்ப் ஒட்டி, குளத்துக்குத் தண்ணீர் வரும் வாய்க்காலின் அளவு கேட்டுத் தகவல் உரிமை மனு போட்டவன் நீ. நம் தெருவில் அதுதான் முதல் மனு. வந்த பதிலை அப்பா பிளாஸ்டிக் உறையில் போட்டு, வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுவார். இப்போதும் பீரோவில் பத்திரத்துக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. வார்டு மக்கள் கூடிப் பேசும் பகுதி சபையில் யாராவது வாய்க்கால் பற்றிப் பேசினால், என் பிள்ளை அந்தக் காலத்திலேயே கேட்டு வாங்கியிருக்கிறான் என்று சொல்கிறேன். சொல்லும்போது பெருமையாகத்தான் இருக்கிறது.

உன் அப்பா கட்சிக்காரர் இல்லை. 2004 ஜூலை 16 வரை நகராட்சிப் பக்கம் வரி கட்டத்தான் போவார். அன்றைக்கு உன்னை ஸ்கூலிலிருந்து தூக்கிக்கொண்டு ஓடிவந்தவர் ராத்திரி முழுக்கப் பேசவில்லை. நம் ஊர் ஸ்கூல் தீயில் போனது 94 குழந்தைகள். மேலே கீற்றுக் கூரை, இறங்கக் குறுகலான படி. அதற்கப்புறம் எந்தக் கட்டடத்தில் பிள்ளைகள் உட்கார்ந்து படித்தாலும் உள்ளே போய், படி எத்தனை, வெளியே போக வழி எங்கே என்று பார்க்காமல் வரமாட்டார். உன் டியூஷன் வாசலில் அவர் சத்தம் போட்டது உனக்கு வெட்கமாக இருந்தது என்று ரொம்ப நாள் சொல்லிக்கொண்டிருந்தாய். பத்து வயதில் வெட்கப்படலாம், தப்பில்லை. இப்போது உனக்கு முப்பது வயது.

2016இல் கவுன்சிலர் தேர்தலுக்குச் சுயேச்சையாக மனு கொடுத்தார். டெபாசிட் கட்டி, நோட்டீஸுக்குச் சொல்லிவைத்து, எல்லாம் ஆன பிறகு அக்டோபர் 4ஆம் தேதி உயர் நீதிமன்றம் அந்தத் தேர்தல் அறிவிப்பையே ரத்து செய்தது. இரண்டு மாதத்தில் வந்துவிடும் என்றார்கள். 2022 பிப்ரவரி 19இல்தான் வந்தது. அதுவரை கவுன்சிலர்களுக்குப் பதில் அரசு போட்ட தனி அலுவலர். அதற்குள் நகராட்சி மாநகராட்சியாகி, தாராசுரமும் சேர்ந்து, 48 வார்டு ஆகிவிட்டது. நம் வார்டு பெண்களுக்கு என்றும் ஆகிவிட்டது. அப்பாவுக்கு இரண்டாவது அட்டாக் வந்த வருஷம் அது. ஆனாலும் ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்தவர் முதல் மேயர் ஆனார் என்று டிவியில் பார்த்துவிட்டு எழுந்து உட்கார்ந்து காபி கேட்டார். அந்தத் தேர்தலில் உனக்கு இங்கே ஓட்டு இருந்தது. சனிக்கிழமைதான். வீட்டிலிருந்தே வேலை என்று சொன்ன காலம். வரவில்லை.

அதைக் குத்திக்காட்ட எழுதவில்லை. அடுத்து வரப்போவதை நினைத்து எழுதுகிறேன். இப்போது இருக்கும் மன்றம் 2022 மார்ச்சில் பதவியேற்றது. 2027 மார்ச்சோடு ஐந்து வருஷம் முடிகிறது. 2028இல் மகாமகம். போன தடவை மாதிரி தேர்தலைத் தள்ளிக்கொண்டே போனால், சாலை, தண்ணீர், பாதாளச் சாக்கடை என்று கோடி கோடியாகச் செலவழிக்கிற வருஷத்தில் நாம் தேர்ந்தெடுத்த ஒருத்தர்கூட உள்ளே இருக்க மாட்டார். சுற்றியிருக்கும் ஊராட்சிகளில் இந்த ஜனவரியிலேயே காலம் முடிந்து தனி அலுவலர் வந்தாயிற்று. இங்கே அப்படி நடக்காது என்று யார் சொல்வது? நான் கூட்டத்தில் இதைக் கேட்டபோது அரசியல் பேசாதீர்கள் அம்மா, லைட்டு எரியவில்லை என்றால் சொல்லுங்கள் என்று பக்கத்திலிருந்தவர் சொன்னார். லைட்டும் சொன்னேன். அது மறுநாளே எரிந்தது. நம் தெரு முனையில் சாக்கடை மூடி பொங்கியதைச் சொன்னபோதும் வண்டி வந்து உறிஞ்சிவிட்டுப் போனது. வாயைத் திறந்தால் நடக்கிறது தம்பி. யாரிடம் திறப்பது என்பதற்கு ஓர் ஆள் வேண்டும்.

வீட்டு வரி ரசீது இன்னும் அப்பா பெயரில்தான் வருகிறது. 2022இல் அறுநூறு சதுர அடிக்கு மேல் ஆயிரத்து இருநூறு வரைக்கும் பாதி கூட்டினார்களே, நம் வீடு அதில்தான் வருகிறது. பெயர் மாற்ற வாரிசுச் சான்றிதழ் வேண்டும், அதற்கு நீயும் கையெழுத்துப் போட வேண்டும். அது இப்போது வேண்டாம். ஆடி மாதம் நீ சொன்னதை நான் மறக்கவில்லை, அதைப் பற்றி இதில் எழுதப்போவதும் இல்லை. உன் பெரியம்மாவும் ஏதோ சொன்னாள். யார் சொன்னாலும் சரி.

இன்னொன்று. தெருவில் நான்கைந்து பெண்கள் வந்து, அடுத்த தடவை நீங்கள் நில்லுங்கள் அக்கா என்கிறார்கள். பையனைக் கேட்டுச் சொல்கிறேன் என்று அனுப்பினேன். உண்மையில் உன்னைக் கேட்க ஒன்றும் இல்லை, ஆனால் சொல்லாமல் செய்ய எனக்கு மனசில்லை. கவுன்சிலருக்கு நிற்கிறவருக்கு இந்த ஊர்ப் பட்டியலில் பெயர் இருக்க வேண்டும். நான் அங்கே வந்து உன்னோடு இருந்தால் என் பெயரையும் ஒருநாள் அந்தத் தாளில் ஒட்டுவார்கள். நான் என் பெயரை இங்கிருந்து எடுப்பதாக இல்லை. அதை மட்டும் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன்.

உன்னை இங்கே வா என்று கட்டாயப்படுத்தவில்லை. அங்கேயே வேலை, அங்கேயே மனசு என்றால் அங்கேயே சேர். எனக்கு வருத்தம் இருக்கும், கோபம் இருக்காது. குடிபெயர்ந்தவன் என்று நீ உன் வாயால் சொன்னால் கேட்டுக்கொள்வேன். ஒட்டிய தாளில் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டுமா?

பொங்கலுக்கு வருவதாக இருந்தால் ஆதாரும் ஒரு போட்டோவும் எடுத்துக்கொண்டு வா, 18ஆம் தேதிக்கு முன்னால் டீச்சரிடம் கொடுத்துவிடலாம். வரவில்லை என்றால் அங்கே படிவம் 6 போட்டுவிட்டு அந்த ஒப்புகை எண்ணை எனக்கு அனுப்பு. இரண்டில் எது என்று ஒரு வரி எழுது. ராத்திரி தயிர் சாப்பிடாதே, சளி பிடித்துக்கொள்கிறது உனக்கு.

அன்புடன்
அம்மா