மூன்று பட்டியலை மறந்துவிட்டுப் படி

அன்புள்ள பாப்பாவுக்கு,

அமெரிக்க அரசியலமைப்புச் சட்டக் கேள்விக்கு நீ எழுதி அனுப்பிய மாதிரி விடையைப் படித்தேன். வாதத்தில் குறையில்லை. ஆனால் இங்கே ஐந்து வருடம் சட்டம் படித்த பழக்கம் வரிக்கு வரி தெரிகிறது. மத்திய அரசுக்குச் சட்டம் போட அதிகாரம் உண்டு என்று வைத்துக்கொண்டு, உரிமை மீறலா என்பதற்கு நேரே பாய்கிறாய். அமெரிக்காவில் அதற்கு முன்னால் ஒரு வாசற்படி உண்டு: இந்தச் சட்டம் போட காங்கிரசுக்கு, அதாவது அவர்கள் நாடாளுமன்றத்துக்கு, அதிகாரம் எந்த வரியிலிருந்து வந்தது?

நம் அரசியலமைப்பின் ஏழாவது அட்டவணையில் அதிகாரங்களைப் பிரிக்கும் மூன்று பட்டியல்: ஒன்றியம், மாநிலம், பொது. மூன்றிலும் இல்லாதது 248-ஆவது பிரிவின்படி நாடாளுமன்றத்துக்குப் போகும். அங்கே முக்கியமானது ஒரே பட்டியல்தான்: அவர்கள் அரசியலமைப்பின் முதல் ஆர்ட்டிகிள், 8-ஆவது செக்‌ஷன், 18 கூறுகள். மிச்சமெல்லாம், 1791-இல் வந்த பத்தாவது திருத்தப்படி, மாநிலங்களுக்கோ மக்களுக்கோ. அதனால், சட்டத்தின் சாரம் எந்தப் பட்டியலில் விழுகிறது என்று பார்க்க நாம் வைத்திருக்கும், நீ விடையில் இரண்டு இடத்தில் எழுதியிருக்கும் ‘பித் அண்ட் சப்ஸ்டன்ஸ்’ஸை அடித்துவிடு. ஒப்பிட்டுப் பார்க்க அங்கே மாநிலப் பட்டியலே கிடையாது. ‘போலீஸ் பவர்’ என்பதையும் காவல்துறை என்று எடுத்துக்கொண்டிருக்கிறாய். சுகாதாரம், பாதுகாப்பு, பொதுநலன் என்று எதற்கும் சட்டம் போடும் பொது அதிகாரம் அது. மாநிலங்களிடம் உண்டு, மத்திய அரசிடம் இல்லை.

சண்டை பெரும்பாலும் மூன்றாவது கூறில், அதாவது மாநிலங்களுக்கு இடையிலான வணிகத்தை ஒழுங்குபடுத்த அதிகாரம் தரும் காமர்ஸ் கிளாஸில். 1942 விக்கார்டு வழக்கை எண்களோடு நினைவில் வை. மத்தியச் சட்டப்படி ஒஹையோ விவசாயி ஃபில்பர்னுக்கு 11.1 ஏக்கர் கோதுமைதான் அனுமதி. அவர் விதைத்தது 23 ஏக்கர். கூடுதலாக விளைந்த 239 புஷலுக்கு (புஷல் தானிய அளவு), புஷல் 49 சென்ட் வீதம் 117 டாலர் 11 சென்ட் அபராதம். சொந்தப் பண்ணைக்கு வைத்துக்கொண்ட கோதுமை எப்படி வணிகமாகும் என்று கேட்டார். ஒருவர் வைத்துக்கொண்டால் ஒன்றுமில்லை, எல்லோரும் வைத்துக்கொண்டால் சந்தை விலையே ஆடும் என்றது நீதிமன்றம். இப்படிக் கூட்டிப் பார்ப்பதற்கு எல்லை உண்டு என்று சொன்னது 1995 லோபஸ் வழக்கு, 5-4. பள்ளி அருகே துப்பாக்கி வைத்திருப்பதைத் தடுத்த மத்தியச் சட்டம் அதில் விழுந்தது. அப்படி வைத்திருப்பது பொருளாதார நடவடிக்கை அல்ல; வணிகத்தோடு முடிச்சுப் போடும் வாசகமும் சட்டத்தில் இல்லை. காங்கிரஸ் சும்மா இருக்கவில்லை. 1996-இல் அந்த வாசகத்தைச் சேர்த்து அதே சட்டத்தைத் திரும்பக் கொண்டுவந்தது. ஆகவே கேள்வியில் கொடுத்திருக்கும் சட்டத்தில் அந்த வாசகம் இருக்கிறதா என்று முதலில் பார்.

2005 ரெய்ச் வழக்கில் வீட்டில் வளர்த்த கஞ்சாவுக்கும் மத்தியச் சட்டம் செல்லும் என்றார்கள், 6-3. காரணம், கஞ்சா சந்தை உள்ள பண்டம், அதை ஒழுங்குபடுத்தும் பெரிய திட்டத்தின் ஒரு துண்டு அந்தத் தடை. 2012 மருத்துவக் காப்பீட்டு வழக்கில் இன்னொரு திருப்பம்: காப்பீடு வாங்காமல் சும்மா இருப்பவரை வாங்கச் சொல்ல காமர்ஸ் கிளாஸ் போதாது; ஆனால் வாங்காததற்கான தொகை வரியாகச் செல்லும். ஒரு அதிகாரம் தோற்றால் அடுத்ததைத் தேடவேண்டும். நீ காமர்ஸ் கிளாஸோடு பேனாவை மூடிவிட்டாய்.

நமக்கு விசித்திரமாகப் படுவது அடுத்தது. இங்கே 256-ஆவது பிரிவின்படி ஒன்றிய அரசு மாநிலத்துக்கு உத்தரவே போடலாம். கேட்காவிட்டால் குடியரசுத் தலைவர் ஆட்சிக்கு வழிவிடும் 365 இருக்கிறது. அங்கே மாநில அதிகாரியை மத்திய அரசு வேலை வாங்க முடியாது. துப்பாக்கி வாங்குபவரின் பின்னணியை ஷெரீஃபுகள், அதாவது உள்ளூர்க் காவல் அதிகாரிகள், சரிபார்க்கவேண்டும் என்ற விதி 1997 பிரின்ட்ஸ் வழக்கில் விழுந்தது. விளையாட்டுப் பந்தயத்தை அனுமதிக்காதே என்று மாநில சட்டமன்றத்துக்குப் போட்ட தடை 2018 மர்ஃபி வழக்கில் விழுந்தது. மத்திய அரசு தன் ஆளை வைத்துத் தன் சட்டத்தை நடத்துவதற்குத் தடையில்லை. மாநில நீதிபதிகள் கதை வேறு: மத்தியச் சட்டம் அவர்களைக் கட்டுப்படுத்தும் என்று ஆறாவது ஆர்ட்டிகிளே சொல்கிறது.

உத்தரவு போட முடியாத இடத்தில் பணத்தைக் காட்டுவார்கள். மது வாங்கும் வயது 21 என்று வைக்காத மாநிலத்துக்கு நெடுஞ்சாலை நிதியில் 5 சதவீதம் கிடையாது என்ற நிபந்தனை 1987 டோல் வழக்கில் செல்லும் என்றாயிற்று. தெற்கு டகோட்டாவுக்கு அது பட்ஜெட்டில் அரை சதவீதம்கூட இல்லை. 2012-இல் ஏழைகளுக்கான மருத்துவ உதவித் திட்டமான மெடிகெய்டை விரிவாக்காவிட்டால் ஏற்கெனவே வரும் நிதியும் போகும் என்றார்கள். அது மாநில பட்ஜெட்டில் 10 சதவீதத்துக்கு மேல். ஏழு நீதிபதிகள் அதைக் கட்டாயம் என்றார்கள். இரண்டுக்கும் நடுவில் கோடு எங்கே என்று நீதிமன்றம் சொல்லவில்லை. உன் கேள்வியில் மாநில பட்ஜெட்டில் 4 சதவீதம் என்று கொடுத்திருப்பது அதற்காகத்தான். இரண்டு பக்கமும் வாதாடு. நிபந்தனை தெளிவாகச் சொல்லப்பட்டதா, நிதியின் நோக்கத்தோடு தொடர்புள்ளதா என்பதையும் சேர்.

உரிமை பற்றி எழுதிய பக்கம் நன்றாக இருக்கிறது. அதை அப்படியே கடைசிக்குத் தள்ளி, ஞாயிறுக்குள் திருத்தி அனுப்பு.

அம்மா