வயலைத் தெரிந்தவளிடம் கேளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

உருத்திரபுரத்தில் இரணைமடுக் குளத்துத் தண்ணீரை நம்பிக் கமம் செய்யும் குடும்பம் எங்களுடையது. கணவர் கிளிநொச்சி நகரில் ஒரு கடையில் கணக்கு எழுதுகிறார். விதைப்பு, உரம், மருந்து, வாய்க்கால் தண்ணீர் எல்லாம் என் பொறுப்பு. இது ஊருக்கே தெரியும். ஆனாலும் வயல் விடயமாகப் படலையில் வந்து நிற்பவர்கள் "ஐயா இல்லையா?" என்றுதான் தொடங்குகிறார்கள்.

கடந்த காலபோக நெல் அறுவடையின்போது வெட்டு மெசின்காரர் ஒருவர் வந்தார். ஏக்கருக்கு எவ்வளவு என்று கேட்டேன். பதில் எனக்கு வரவில்லை. சைக்கிள் துடைத்துக்கொண்டிருந்த, தரம் ஏழில் படிக்கும் என் மகனைப் பார்த்து, "தம்பி, அப்பா எப்போது வருவார்?" என்றார். பிறகு கணவருக்குத் தொலைபேசி எடுத்தார். கணவர் உடனே எனக்கு எடுத்து, எந்தத் துண்டு காய்ந்துவிட்டது, எதில் இன்னும் சேறு என்று விசாரித்தார். நான் முற்றத்தில் நின்று சொன்னதை அவர் கடையிலிருந்து திருப்பிச் சொல்ல, அதே முற்றத்தில் நின்ற மெசின்காரர் பயபக்தியுடன் தலையாட்டிக் கேட்டார்!

அவர் கெட்டவர் அல்லர். பிறர் மனைவியிடம் விலை பேசுவது மரியாதையில்லை என்று வளர்க்கப்பட்டவர். ஆனால் இந்த மரியாதை கடன் விடயத்தில் மட்டும் எங்கே போகிறது? நுண்கடன் கொடுப்பவர்கள் ஆண்கள் வேலைக்குப் போன நேரம் பார்த்து வருகிறார்கள். பெண்களைக் குழுவாகச் சேர்த்து, ஒருத்திக்கு மற்றவள் பிணை என்று கையொப்பம் வாங்குகிறார்கள். தவணை தவறினால் பெயர் சொல்லி அழைப்பதும் எங்களைத்தான். அப்போது எவரும் ஐயாவைத் தேடுவதில்லை. (சில பெண்கள் "அவரிடம் கேட்டுத்தான் சொல்லவேண்டும்" என்று சொல்லியே அவர்களைத் திருப்பி அனுப்புகிறார்கள். அந்தச் சாமர்த்தியத்தை நான் குறை சொல்லமாட்டேன்.)

போரில் கணவரை இழந்தவர்களும், காணாமல் ஆக்கப்பட்டவரை இன்னும் தேடுபவர்களும் வன்னியில் எத்தனை பேர்! நெல் விலை பேசவும் வேலி எல்லை காட்டவும் அவர்கள் தமையனையோ மருமகனையோ கூட்டிவந்து நிறுத்தவேண்டியிருக்கிறது. வந்து நிற்பவருக்கு அந்த வயலின் மடை எந்தப் பக்கம் என்றே தெரியாது.

சட்டமும் நெடுங்காலம் இப்படித்தான் இருந்தது. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின்படி, அரச காணியை உத்தரவுப் பத்திரத்தில் பெற்றவர் தனக்குப் பின் காணி யாருக்கு என்று பின்னுரித்தாளரைக் குறிக்காமல் இறந்தால், வாழ்க்கைத் துணைக்குப் பின் பிள்ளைகளில் மகன்மாருக்கே முதலிடம். மகள் மூத்தவளாக இருந்தாலும் தம்பிக்குப் பின்னால்தான். 2022இல் அதைத் திருத்தி, ஆண் பெண் பாராமல் மூத்த பிள்ளைக்கு முதலிடம் கொடுத்தார்கள். பெயர் குறிக்கும் உரிமையோ முன்பும் இருந்தது. மகளைக் குறிக்கத் தடை இருக்கவில்லை. அப்படியிருந்தும் யோசிக்காமல் மகன் பெயரையே எழுதினோம், இன்றும் எழுதுகிறோம். அந்த மகன் கனடாவில் இருந்தாலும் சரி.

கமக்காரர் அமைப்புகளுக்கு ஒரு வேண்டுகோள். விதைப்பையும் தண்ணீரையும் தீர்மானிக்கும் போகக் கூட்டத்துக்கு அழைக்கும்போது, காணிப் பத்திரத்தில் உள்ள பெயரோடு வயலில் இறங்குபவரின் பெயரையும் எழுதி அழையுங்கள். அவரை முன்வரிசையில் இருத்திப் பேசவிடுங்கள்.

எங்கள் காணிக்கு மகளைக் குறித்திருக்கிறோம். மருந்தடிக்கும் பதம் அவளுக்குத் தெரியும். படிவத்தை வாங்கிய அலுவலர் "மகன் இருக்கிறாரே?" என்று கணவரிடம் இரண்டு முறை கேட்டார். நான் பக்கத்துக் கதிரையில்தான் இருந்தேன்.

இப்படிக்கு,
ஒரு கமக்காரப் பெண்,
உருத்திரபுரம், கிளிநொச்சி.